பேட்ச் இலக்கணம்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், சி மொழியில் எழுதிய ஒரு வரியின் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஸ்பேஸை நுதலிற்று. கம்பைலர் அதைச் சட்டை செய்யாது. அது இருந்தாலும் நிரல் ஓடும், இல்லாவிட்டாலும் அதே வேகத்தில் ஓடும். ஆனால் ரிவியூ செய்பவர் விடமாட்டார். சுவடியில் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரைப்போல அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவார். பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பியவர் அதை நீக்கி, தலைப்பில் 'வி2' என்று குறித்து, முழுவதையும் மறுபடி அனுப்புவார்.

ஆய்வுக்களம் கியூஎமு. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் எமுலேட்டர் அது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரீஸ் பெல்லார் 2003-ல் வெளியிட்டார். எஃப்எஃப்எம்பெக் என்னும் வீடியோ மென்பொருளைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 2009 கடைசியில் மேசைக் கணினி ஒன்றைக் கொண்டு பையின் (π) மதிப்பைச் சுமார் 2.7 லட்சம் கோடி இலக்கங்கள்வரை கணக்கிட்டு உலக சாதனை படைத்தவரும் அவரே. அவ்வளவு பெரிய மூளையில் பிறந்த நிரல், இன்று திறமூல முறைப்படி ஊர்கூடிக் காக்கப்படுகிறது. எவரும் திருத்தம் அனுப்பலாம்; எவரும் குறை சொல்லலாம்.

கருதுகோள் வருமாறு: பேட்ச் சுருங்கச் சுருங்க, ரிவியூ விரியும். இதற்கு முன்னோர் சான்று உண்டு. அணு உலைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும் ஒரு குழுவை சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-ல் வெளிவந்த தம் நூலில் வர்ணித்தார். 1999-ல் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத் திட்டத்தில் 'ஸ்லீப்' கட்டளை முழு நொடிகள் மட்டும்தான் தூங்கவேண்டுமா, அரை நொடியும் தூங்கலாமா என்று பெரும் வாக்குவாதம் மூண்டது. அத்திட்டத்தின் நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் அந்தக் கொட்டகையை நினைவூட்டி எழுதிய கடிதத்துக்குப் பிறகு, இத்தகைய சச்சரவுக்கு நிரலாளர்களிடையே சைக்கிள் கொட்டகையே பெயராக நிலைத்துவிட்டது.

எண்பதியல்

கியூஎமுவின் நடைவிதிகள் தெளிவானவை. உள்தள்ளலுக்கு நான்கு ஸ்பேஸ், டேப் கூடாது. 'இஃப்' என்பதன் கீழ் ஒரே ஒரு வரி இருந்தாலும் அதற்கு அடைப்பு வேண்டும். குறிப்புரை எழுதும்போது இரட்டைச் சாய்கோட்டைத் தவிர்க்க வேண்டும். சாய்கோடும் உடுக்குறியும் சேர்ந்த பழைய முறையே முறை. ஒப்பிடும்போது மாறி இடப்பக்கம், மாறிலி வலப்பக்கம்.

லினக்ஸ் கெர்னலின் விதிகளோ நேரெதிர். அங்கே டேப்தான் தர்மம், அதன் அகலம் எட்டு. ஒற்றை வரிக்கு அடைப்பு வைத்தால் முகம் சுளிப்பார்கள். இரண்டு திட்டங்களிலும் வேலை செய்பவர்கள் பலர் உண்டு. ஒரே நபர் காலையில் அடைப்பை எடுக்கச் சொல்லியும், மாலையில் அதே அடைப்பைப் போடச் சொல்லியும் எழுத நேரலாம். இரண்டு தீர்ப்பும் சரியாகவே இருக்கும்.

வரியின் நீளம் 80 எழுத்து. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1928-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. பின்னால் வந்த டெர்மினல் திரைகளும் அந்த அகலத்தையே வரித்துக்கொண்டன. அட்டை போயிற்று, டெர்மினல் போயிற்று, 80 மட்டும் நின்றுவிட்டது. செக்பேட்ச் என்னும் பெர்ல் ஸ்கிரிப்ட், வரி 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கும். 90-ஐத் தாண்டினால் பிழை என்றே அறிவிக்கும். 81 முதல் 90 வரையுள்ள அந்தப் பத்து எழுத்துகள்தான் மனிதர்கள் வாதாடுவதற்கென்று விடப்பட்ட நிலம். இந்த வரம்புக்குக் கியூஎமுவின் நடைவிதி ஆவணமே தரும் காரணம், போலி ஆய்வாளர்களைப் பொறாமைப்பட வைக்கும்: 24 அங்குலத் திரையில் 80-க்கு 24 அளவுள்ள டெர்மினல் ஜன்னல்களை ஆறுக்கு நான்காக அடுக்கி, எல்லாவற்றிலும் 'விஐ' எடிட்டரை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவைப்பதே அவர்களுக்குத் தகுந்த தண்டனையாம்.

காவலர் இயல்

எந்தப் பேட்ச் யாருக்குப் போகவேண்டும் என்பதை ஒரு கோப்பு சொல்லும். பெயர் மெயின்டெய்னர்ஸ். நிரலின் ஒவ்வொரு பகுதியின் கதியும் அதில் பதிவாகியிருக்கும். கதிகள் ஐந்து. 'சப்போர்ட்டட்' என்றால் பார்த்துக்கொள்வதற்கு ஒருவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. 'மெயின்டெயின்ட்' என்றால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை. 'ஆட் ஃபிக்ஸஸ்' என்றால் ஆள் இருக்கிறார், நேரம் இல்லை. 'ஆர்ஃபன்' அனாதை. 'ஆப்சலீட்' வழக்கொழிந்தது.

காவலர்களின் சங்கடமும் இங்கேதான். கியூஎமு வழக்கமாகப் பாவனை செய்யும் பிசி, இன்டெல் 1996-ல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டைக் கொண்டது. அந்தச் சிப்பில் ஒரு ரெஜிஸ்டரின் ஒரு பிட் எப்போது ஒன்றாகும், எப்போது பூஜ்யமாகும் என்று தீர்ப்புச் சொல்ல, பழைய டேட்டாஷீட்டைத் தேடிப் பிடித்துப் படிக்கவேண்டும். படித்தாலும் நிஜச் சிப் அதன்படி நடந்துகொண்டதா என்ற ஐயம் மிஞ்சும். ஸ்பேஸுக்கு டேட்டாஷீட் வேண்டாம். கண் இருந்தால் போதும். கருதுகோளின் விளக்கம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

திட்டத்தாருக்கும் இது தெரியாமல் இல்லை. எழுத்துப்பிழைத் திருத்தம் போன்ற சில்லறைப் பேட்ச்களுக்கென்றே தனி வழி திறந்து, அதற்குத் தனியே பொறுப்பாளர்களையும் வைத்திருக்கிறார்கள். அற்ப விஷயத்துக்கு இலாகா ஒதுக்கிய ஆட்சி இது.

ஒப்பவியல்

பேட்ச் அனுப்புபவர் 'சைன்டு-ஆஃப்-பை' என்று எழுதித் தம் பெயரை இடவேண்டும். இந்த வழக்கம் லினக்ஸில் 2004-ல் பிறந்தது. லினக்ஸில் தன் நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் முந்தைய ஆண்டு வழக்குத் தொடுத்திருந்தது. யார் எழுதியது, கொடுக்க உரிமை உண்டா என்று எழுத்தில் வாங்கிவைப்பது நல்லதென்று பட்டது. 2025-ல் கியூஎமு, செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று விதித்ததற்கும் இந்தக் கையொப்பமே அடிப்படை. இயந்திரம் எழுதியதன் உரிமை யாருடையது என்பது தெளிவாகாதபோது, அதன் கீழ் எந்த மனிதர் துணிந்து ஒப்பமிடுவார்?

படித்துத் திருப்தியடைந்தவர் 'ரிவியூட்-பை' தருவார். அதற்கு என்ன பொருள் என்று லினக்ஸ் ஆவணம் வரையறுத்திருக்கிறது: பார்த்தேன், நன்றாகவே படுகிறது, ஆனால் சொன்ன வேலையைச் செய்யும் என்று உத்தரவாதம் ஏதும் தரவில்லை. வக்கீல் எழுதினாலும் இதைவிடக் கச்சிதமாக எழுத முடியாது.

யாருமே பதில் போடாவிட்டால்? ஓரிரு வாரம் பொறுத்து, 'பிங்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. கோபம், கெஞ்சல், நினைவூட்டல் மூன்றையும் அந்த ஒரு சொல்லே சுமந்தாகவேண்டும்.

ஒழிபியல்

கருதுகோளுக்குப் பெரும் சான்று 2015 மே மாதம் கிடைத்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், கியூஎமுவின் ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். வைத்த பெயர் வெனம். கட்டளைகளை வாங்கிவைக்கும் 512 பைட் இடத்துக்கு அப்பாலும் எழுத நிரல் இடம்கொடுத்தது; உள்ளே பாவனையாக ஓடும் கணினி, வெளியே இருக்கும் நிஜக் கணினியைத் தாக்க வாய்ப்பிருந்தது. ஃப்ளாப்பியைத் தொட்டே இராதவர்களுக்கும் ஆபத்து, ஏனெனில் கட்டுப்படுத்தி கேளாமலே கூட வரும். ஜென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருள்கள் எல்லாம் அந்த நிரலை எடுத்தாண்டிருந்தன. ஓட்டை 2004 முதல் இருந்தது. 2013-ல் கோப்பு ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்குக் குடிபெயர்ந்தபோது ஓட்டையும் மூட்டைமுடிச்சோடு கூடப்போயிற்று.

பதினோரு ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை. காரணம் அலட்சியம் அன்று. அந்த வரிகளில் உள்தள்ளலில் குற்றமில்லை, நீளத்தில் குற்றமில்லை, தனித்தனியே படித்தால் பொருளிலும் குற்றமில்லை. சில கட்டளைகள் குறிப்பிட்ட விதமாக வந்தால், எழுதும் இடத்தைக் காட்டும் எண்ணி (கவுண்டர்) மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போகும் என்பது, பல செயற்கூறுகளைச் சேர்த்து மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பவருக்கே புலப்படும். சரிசெய்த பேட்ச் சில வரிகள்தான்: எண்ணியை 512-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது.

இப்போது கியூஎமுவில் ஃபஸ்ஸிங்கும் சேர்ந்திருக்கிறது. பாவனைக் கருவிகளின்மீது கன்னாபின்னாவென்று பைட்டுகளை வாரி இறைத்து, எது உடைகிறது என்று பார்க்கும் முறை அது. ஃபஸ்ஸருக்கு அடைப்பைப் பற்றியோ டேப்பைப் பற்றியோ கருத்து கிடையாது. ஆனால் அது கண்டுபிடிக்கும் ஓட்டையை அடைக்க ஒரு மனிதர் பேட்ச் எழுதவேண்டும், அதை இன்னொரு மனிதர் படிக்கவேண்டும். குறிப்புரையில் இரட்டைச் சாய்கோடு இருந்தால், ஓட்டையைப் பற்றிப் பேசும் முன் அதைப் பற்றி ஒரு வரி வரும். அடுத்து 'வி2' வரும்.