மத்தியானம் வரை ஹோலி!

கேள்வி: மார்ச்சில் குடும்பத்தோடு டெல்லி போகிறோம். நடுவில் ஹோலி வருகிறதாம். லீவு நாள்தானே, கூட்டமில்லாமல் ஊர் சுற்றலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூட்டம் இருக்காது. சுற்ற ஊரும் இருக்காது. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலிலேயே இல்லாத பண்டிகைக்கு அங்கே கடைகள் பூட்டிக் கிடக்கும். மெட்ரோவே வழக்கமாகப் பிற்பகல் 2.30-க்குத்தான் கண் விழிக்கும். ஏர்போர்ட் லைனும் அப்படித்தான். காலையில் விமானம் பிடிப்பவர்கள் டாக்சிக்கு முதல் நாளே சொல்லிவைக்கவும். ஆட்டோ கிடைத்தால் பேரம் பேசாதீர்கள், டிரைவர் முகம் பச்சையாக இருந்தாலும்.

கேள்வி: முதல் நாள் ராத்திரி தெருமுனையில் விறகைக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அவர்கள் ஊர் போகியா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கும்பகோணத்துக்காரர் போகி எனலாமா? காமன் பண்டிகை என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! அங்கே எரிவது ஹோலிகா. பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் உட்கார்ந்து, தானே சாம்பலான அத்தை. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மன்மதனைக் கொளுத்திவிட்டு, 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவோம். வடக்கே அந்த வழக்கே கிடையாது. எரிந்தது எரிந்ததுதான்.

கேள்வி: சாயம் பூசிக்கொள்ளாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாதா? (மதுரை வாசகி)

பதில்: நானும் அப்படித்தான் கரோல்பாக் சந்தில் வெள்ளை வேட்டியோடு நின்றேன். மாடியிலிருந்து ஒரு பலூன். அண்ணாந்து பார்த்தால் ஏழெட்டு வயதுப் பொடியன், 'புரா ந மானோ, ஹோலி ஹை' என்கிறான். கோபிக்காதீங்க, ஹோலி! அதற்கு எதிர்வாதம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேட்டி இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறது. தலைக்கும் முகத்துக்கும் தாராளமாகத் தேங்காய் எண்ணெய், உடம்பில் தூக்கிப்போடத் தகுந்த சட்டை, செல்போனுக்கு பிளாஸ்டிக் பை. ஒன்று மட்டும் விளையாட்டில்லை: அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு பெண்களிடம் வரம்பு மீறுகிறவர்களும் உண்டு. தெரிந்த குடும்பத்தோடு, அவர்கள் வீட்டு வாசலில் ஆடுங்கள். அவசரத்துக்கு 112.

கேள்வி: தண்டாய் குடிக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: பாதாம், சோம்பு, கசகசா, மிளகு அரைத்துக் கலந்த பால். பேஷாகக் குடிக்கலாம். அதற்குமுன், 'பாங் கலந்ததா?' என்று கேட்டுவிடுங்கள். பாங் என்றால் கஞ்சா இலை. கேட்டதற்கு ஊற்றுகிறவர் பதில் சொல்லாமல் சிரித்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு குஜியா பக்கம் நகருங்கள். நம் சோமாசிதான் அது, தேங்காய்க்குப் பதில் உள்ளே கோவா.