கால் சரியில்லை, மாற்றித் தரவும்

பெறுநர்:
விலையில்லா மிதிவண்டிக்கு அளவு வகுக்கும் மேலதிகாரிப் பெருமக்கள்,
சென்னை.

பொருள்: மேல்நிலை முதலாண்டு மாணவ மாணவியரின் கால்கள் அரசு வண்டிக்குப் பொருந்தாமல் வளர்ந்திருப்பது – தக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்துப் பிழைக்கிறவன் எழுதிக்கொள்வது. முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற ஆண், பெண் எல்லோருக்கும் என்று விரிந்தது. ஆட்சி மாறியது, வண்டியின் முன்னால் இருக்கிற படம் மாறியது, திட்டம் மட்டும் நிற்கவில்லை. 2022இல் ஏறத்தாழ 6.35 லட்சம் பிள்ளைகளுக்கு 323 கோடி ரூபாயில் வண்டி கொடுத்தீர்கள். பஸ் எட்டிப்பார்க்காத ஊரில் பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண்பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறித்தான் பன்னிரண்டாவது முடித்தார்கள். இதில் எனக்குக் கேலி இல்லை.

கேலியெல்லாம் பிள்ளைகள் மேல்தான். ஆணுக்கு ஒரு வண்டி, பெண்ணுக்கு ஒரு வண்டி என்று அரசு அழகாக, குழப்பமில்லாமல், டெண்டரில் ஒரே பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி வகுத்து வைத்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளோ கொஞ்சமும் பொறுப்பில்லாமல் ஒருத்தி நாலடி பத்து, ஒருவன் ஐந்தடி, இன்னொருவன் ஐந்தே முக்காலைத் தாண்டி என்று இஷ்டத்துக்கு வளர்ந்து நிற்கிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே சீருடை. ஆனாலும் காலில் ஓர் ஒழுங்கு இல்லை.

வண்டி கொடுக்கிற நாளில் என் கடை வாசலைத் தாங்கள் பார்க்க வேண்டும். வாங்கின கையோடு தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். நட்டு முடுக்க, பிரேக் கட்டை சரிபார்க்க, சக்கரத்தில் கோட்டம் எடுக்க. எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான வேண்டுகோள் வரும்.

“அண்ணாச்சி, சீட்டை இன்னும் கொஞ்சம் எறக்குங்க.”

“இதுக்கு மேல எறங்காதுடே. கம்பி அடியில முட்டிருச்சு.”

“கால் எட்டலையே.”

“வளந்துருவ, போ.”

அடுத்து நிற்கிற நெட்டையனுக்குச் சீட்டுக் கம்பியைக் கடைசிக் கோடு வரைக்கும் இழுத்துக் கொடுத்தாலும், மிதிக்கிறபோது முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும். அவனிடம் “குறைஞ்சிருவ, போ” என்று சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில் என் தொழில் கைவிரிக்கிறது. ஆகவே தங்களிடம் வருகிறேன்.

‘சீட்டைத்தான் ஏற்றி இறக்கலாமே, பிறகென்ன’ என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதியிருப்பார்கள். சீட்டு ஏறும், இறங்கும். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உள்ள தூரம் கம்பெனியில் பிரேமைப் பற்றவைத்தபோதே முடிவாகிவிட்டது. அதை மாற்ற என்னிடம் ஸ்பேனர் இல்லை, யாரிடமும் இல்லை. குட்டைப் பிள்ளை கையை நீட்டிக் கவிழ்ந்து, இடுப்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதிக்கும். நெட்டைப் பிள்ளை முதுகை மடக்கி உட்கார்ந்து, அரை மிதியாக மிதித்து, சாயங்காலம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சைக்கிள் வாங்கத் தெரிந்தவன் முதலில் பிரேம் அளவைக் கேட்பான். பெடல் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டுக் கம்பி நுழைகிற வாய் வரைக்கும் உள்ள நீளம் அது. எங்கள் அப்பா காலத்தில் கடைக்கு வருகிறவர் பெயர் சொல்லுமுன் “22 இஞ்சா, 24 இஞ்சா” என்றுதான் பேச்சுத் தொடங்கும். படிக்காத சம்சாரிக்குத் தெரிந்திருந்தது. அந்த 22 இஞ்ச் வண்டியில் பார் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேலே நிற்கும். சின்னப் பையன்கள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார்கள். தலைமுறை தாண்டி அந்தக் கலை அழியாமல் காக்க அரசு எடுக்கிற முயற்சி பாராட்டத்தக்கது.

அளப்பது பெரிய வித்தையில்லை. பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நிறுத்துங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்காருகிற மாதிரி அழுத்தி, மேல் ஓரத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை உள்ளது உள்கால் நீளம். அதை 0.65ஆல் பெருக்கினால் சென்டிமீட்டரில் பிரேம் அளவு வந்துவிடும். 68 சென்டிமீட்டர் வந்தால் 44, அதாவது பதினேழரை இஞ்ச். 84 வந்தால் கிட்டத்தட்ட 55, இருபத்தொன்றரை இஞ்ச். ஒரே பெஞ்சில் உட்காருகிற இரண்டு பேருக்கு நடுவில் நாலு இஞ்ச் வித்தியாசம்! சீட்டு உயரத்துக்கு 0.883ஆல் பெருக்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பந்தயப் பயிற்சியாளர் சிரில் கிமார் காட்டிய வழி ஒன்று உண்டு. அதில் போட்டால் இருவருக்கும் 14 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். இயற்பியல் புத்தகத்தையும் அரசுதான் இலவசமாகத் தருகிறது. ஆகச் செலவு பென்சில் மட்டும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். விலையில்லாக் காலணிக்குப் பள்ளியில் பிள்ளைகளின் பாத அளவைக் குறித்து அனுப்பச் சொல்கிறார்கள். பாதத்தை அளக்கிற டேப்பை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனால் கால் அளவும் வந்திருக்கும். கணுக்காலோடு ஒரு துறையின் அதிகார எல்லை முடிந்து, அதற்கு மேல் வேறு துறை தொடங்குகிறது போலும்.

உயரத்தை விடுங்கள், மழைக்கு வருகிறேன்.

எங்கள் கரிசல் மண்ணைப் பற்றிக் கோப்பில் ‘மானாவாரி’ என்று ஒரு வார்த்தை இருக்கும். அதோடு முடிந்திருக்கும். இந்த மண்ணில் இருக்கிற களி, தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் வெடிப்புக்குள் முழங்கை போகும். ஐப்பசியில் அதே மண் அல்வா. சந்தேகமிருந்தால் நூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊரிலேயே இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். பசுவந்தனை, கடலையூர், விளாத்திகுளம் பக்கம் தார் ரோட்டை விட்டுப் பிரிகிற வண்டிப்பாதையில் மழைக்கு மறுநாள் ஒரு பிள்ளை பத்தடி உருட்டினால் போதும். மண் டயரில் ஒட்டும், டயர் அதை மேலே கொண்டுபோய் மட்கார்டுக்குள் திணிக்கும். பிரேக் கட்டை இருக்கிற இடம் தெரியாது. இன்னும் பத்தடியில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். உடங்குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்தால் இன்னொரு பத்தடி. அதற்குப் பிறகு வண்டி பிள்ளை மேல் ஏறும். ஆமாம், தோளில்.

இதைப் பார்த்து நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள் என்று தாங்கள் வருந்த வேண்டாம். ஐரோப்பாவில் இதற்கு சைக்ளோகிராஸ் என்று பெயர் வைத்துப் பந்தயமே நடத்துகிறார்கள். 1902இல் பிரான்சில் தேசியப் போட்டி, 1950இல் பாரிஸில் முதல் உலகப் போட்டி. பெல்ஜியத்தில் அது கிட்டத்தட்ட மதம். குளிர்காலச் சேற்றில் ஓட்டி, ஓட்ட முடியாத மேட்டில் குதித்து இறங்கி, வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை புத்தகப்பையோடு செய்கிறதை அங்கே பதக்கத்துக்குச் செய்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கோழைகள். வண்டியை ஆளுக்கு அளந்து வாங்குகிறார்கள். அதிலும் இந்தப் பந்தயத்துக்கு, ரோட்டுப் பந்தய வண்டியைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சின்ன பிரேமாகப் பார்ப்பது பழைய வழக்கம். அடிக்கடி குதித்து இறங்குகிறவனுக்குப் பார் இடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். ரொம்பச் சின்னதும் ஆகாது என்பார்கள், தோள் நுழைய முக்கோணத்தில் இடம் வேண்டும் அல்லவா. டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் சட்டம் போட்டிருக்கிறது. பிரேமிலும் போர்க்கிலும் டயரைச் சுற்றி மண் விழுந்து போகத் தாராளமாகச் சந்து விடுகிறார்கள். மட்கார்டு என்ற பேச்சே இல்லை. வண்டி எட்டு ஒன்பது கிலோ. போதாததற்கு ஓரத்தில் இன்னொரு வண்டியோடு மெக்கானிக் நிற்பார். சேறு அப்பியதைக் கொடுத்துவிட்டுக் கழுவியதை வாங்கிக்கொண்டு போகலாம். எங்கள் பிள்ளைகளுக்கு மாற்று வண்டியும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. இருப்பது கண்மாய்த் தண்ணீர். தூக்குகிற வண்டியோ கேரியர், கூடை, ஸ்டாண்டு, செயின் கவர், இரண்டு மட்கார்டு, அதற்குள் அடைந்த மண் எல்லாம் சேர்ந்தது.

பெண்பிள்ளைகள் வண்டியில் தங்கள் தொலைநோக்கு இன்னும் வியக்கத்தக்கது. அதில் பாரே இல்லை. முக்கோணம் இல்லாத வண்டியில் தோளை எங்கே நுழைப்பது? ஆண்பிள்ளை தூக்கிப் போகிற இடத்தில் பெண்பிள்ளை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பாவாடை தாவணி காலத்தில் பார் இல்லாதது வசதி. இன்று நீங்களே சுடிதாரைச் சீருடையாக வைத்திருக்கிறீர்கள். குட்டையான பிள்ளைக்குப் பார் இல்லாதது இப்போதும் சவுகரியம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஆண்கள் வண்டியை ஓட்டினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியே கேட்டார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். பார் வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண்களுக்கே சொல்லத் தெரிந்திருந்தது. பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்குச் சொல்லத் தெரியாதா?

‘இலவசமாகக் கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள், மதிப்புத் தெரியவில்லை’ என்று வருஷா வருஷம் ஒரு புலம்பல் கேட்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும். பல்லை யாரும் பார்க்கவில்லை ஐயா. மாட்டின் மேல் ஏறிப் பார்த்தோம், கால் தரையில் எட்டவில்லை. எட்டாத வண்டியைத்தான் விற்கிறார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், கஷ்டத்துக்கு விற்கிறவர்களும் உண்டு. ஆனால் விலை பேச என் கடைக்கு வருகிற வண்டிகளில் சீட்டு அடியோடு முட்டி நிற்கிறதையும், கடைசிக் கோடு வரை இழுத்து நிற்கிறதையும் பார்க்கிறேன். நடு உயரக்காரன் தன் வண்டியை லேசில் விடுவதில்லை.

ஆகவே என் பணிவான யோசனைகள். மாணவர் கால் நீளத்துக்கு ஓர் அரசாணை வெளியிடலாம். சேர்க்கை விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே கால் அளவுக்கும் ஒரு கட்டம் போட்டு, தகுதி நீளத்துக்குக் குறைந்தவர்களைப் பத்தாம் வகுப்பிலேயே எட்டும் வரை வைத்திருக்கலாம். கூடுதலாக வளர்ந்தவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பலாம். கரிசலையும் விட்டுவிடக் கூடாது. மட்கார்டு சந்துக்குள் அடங்கி நடந்துகொள்ளுமாறு மண்ணுக்குச் சுற்றறிக்கை ஒன்று போகட்டும்.

இவையெல்லாம் நிர்வாகச் சிக்கல் என்று தோன்றினால், தரம் குறைந்த மாற்று வழி ஒன்றும் கைவசம் இருக்கிறது. 17, 19, 21 இஞ்ச் என்று மூன்று அளவில் டெண்டர் போடுங்கள். இந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு அளவு மாற்றிச் செய்வது புதிதில்லை, கடையில் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அப்படித்தான் விற்கிறார்கள். பாத அளவு எடுக்கிற டேப்பாலேயே கால் அளவும் எடுத்து, பார் வேண்டுமா என்று அந்தப் பிள்ளையையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் பக்கம் வருகிற வண்டிக்கு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து விடுங்கள். அதுவும் முடியாதென்றால், புரட்டாசி முதல் மார்கழி வரை மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். “அரசு கொடுத்த வண்டியை ஏன் பிரிச்சே” என்று பிள்ளைகள் வாங்குகிற திட்டாவது மிச்சமாகும். கழற்றிப் பூட்ட நான் காசு வாங்க மாட்டேன்.

பதிலை ஐப்பசி பிறக்குமுன் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தபால்காரரும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார். பாவம், அவருக்கும் கொஞ்சம் குட்டையான கால்.

இப்படிக்கு,
தங்கள் வண்டிகளால் சோறு தின்கிற
கோட்டம் எடுப்பவன்,
கோவில்பட்டி.