தூக்கிய கையும் பறந்த புறாவும்

கையைத் தூக்குவதில் பல தினுசு உண்டு. வகுப்பில் விடை தெரிந்த பையன் தூக்குவது ஒன்று. பந்தியில் ரசம் வரவில்லை என்று தூக்குவது இன்னொன்று. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் 1936 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பெர்லின் ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், எந்தக் கை எதற்காகத் தூக்கப்படுகிறது என்பது ராஜதந்திரப் பிரச்சினையாகிவிட்டது.

ஒலிம்பிக் வணக்கம் என்று ஒன்று அதற்கு முன்பே இருந்தது. வலது கையை விறைப்பாக நீட்டி, கொஞ்சம் பக்கவாட்டில் உயர்த்த வேண்டும். 1924 பாரிஸ் ஒலிம்பிக் சுவரொட்டியில் வீரர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஹிட்லர் வணக்கம் என்பது வலது கையை விறைப்பாக நீட்டி, நேர் முன்னால் உயர்த்துவது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாணை நம்பி பிரெஞ்சு அணி கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஐந்து மாதம் முன்புதான் ஹிட்லர் ஒப்பந்தத்தை மீறி ரைன்லாந்துக்குள் படையை அனுப்பி பிரான்ஸின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். அந்த பிரான்ஸே வந்து கையைத் தூக்குகிறதென்றால் ஜெர்மன்காரன் சும்மா இருப்பானா? அரங்கம் அதிர்ந்தது. பிறகு, "அது அந்தக் கை இல்லை, இந்தக் கை" என்று பிரெஞ்சுக்காரர்கள் விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். கனடாக்காரர்களுக்கும் இதே கதிதான். விளக்கம் சொல்ல வேண்டிய வணக்கம் என்ன வணக்கமோ! இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஒலிம்பிக்காரர்கள் சத்தம் போடாமல் அந்த வணக்கத்தையே பரணில் போட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் இந்தக் கல்யாணத்தை நிச்சயம் செய்தது வேறு மாப்பிள்ளையோடு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1920-லும் 1924-லும் ஒலிம்பிக் பக்கமே சேர்க்கவில்லை. பாவம், திருந்திவிட்டது என்று நினைத்து 1931-இல் போட்டியை பெர்லினுக்குக் கொடுத்தார்கள். 43 ஓட்டு பெர்லினுக்கு, 16 பார்சிலோனாவுக்கு. அப்போது ஜெர்மனியில் குடியரசு நடந்துகொண்டிருந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதுவரை நாஜிகள் ஒலிம்பிக்கைக் கரித்துக்கொட்டியவர்கள். எல்லா இனத்தாரையும் ஒரே கோட்டில் ஓடவிடுவது அவர்கள் கொள்கைக்கு ஆகாது. ஆனால் ஊரையே அழைத்து மொய் வாங்காமல் பந்தலைப் பிரிக்க எந்த அரசியல்வாதிக்கு மனசு வரும்? பிரச்சார அமைச்சர் கெப்பல்ஸ் கணக்குப் போட்டார். ஹிட்லருக்கு ஒலிம்பிக் திடீரென்று பிடித்துப்போயிற்று. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் தியோடோர் லெவால்டின் தந்தை யூத வழியில் வந்தவர். அதையும் போட்டி முடியும்வரை கண்டும் காணாமல் இருந்தார்கள்.

குழுவின் செயலாளர் கார்ல் டீம்தான் உண்மையான கில்லாடி. கிரேக்க ஒலிம்பியாவில் சூரிய ஒளியில் தீ மூட்டி, ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி பெர்லினுக்குக் கொண்டுவருவது அவர் ஏற்பாடு. ஏதோ ஈராயிரம் வருஷ வழக்கம் போல இன்றும் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக ஜோதி ஓட்டத்தைப் பார்க்கிறோம். பழைய ஒலிம்பிக்கில் நாடு நாடாகத் தீ தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கமே கிடையாது. மூட்டிய குவியாடி ஸைஸ் நிறுவனத்தின் சரக்கு. தீப்பந்தத்தின் எஃகுப் பிடியைச் செய்து தந்தது பீரங்கிக்குப் பெயர்போன குருப் நிறுவனம். ஜூலை 20-இல் புறப்பட்ட தீ, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஓட, கிரீஸ், பல்கேரியா, யூகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா வழியாக ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்த ஆறு நாடுகளில் எதுவும் ஜெர்மனியின் கையிலோ கூட்டணியிலோ சிக்காமல் தப்பவில்லை. வழி விசாரிக்கத்தான் முன்னால் தீப்பந்தத்தை அனுப்பினார்களோ என்று நான் சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே சொல்லவில்லை.

தொடக்க விழாவுக்கு வருவோம். தலைக்கு மேலே ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல், அதில் தொங்கும் ஒலிம்பிக் கொடி. கீழே ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தானே இயற்றிய ஒலிம்பிக் கீதத்தை நடத்துகிறார். 49 நாட்டு அணிகள் ஊர்வலம். பல்கேரியர்கள் ராணுவ நடை போட்டு வீட்டுக்காரரையே மிஞ்சினார்கள். பிரிட்டிஷார் கையைத் தூக்காமல் கழுத்தை மட்டும் திருப்பினார்கள். வாடகைக்குக் குடியிருப்பவரைப் பார்ப்பதுபோல. அமெரிக்கர்கள் வைக்கோல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்கள், கொடியைத் தாழ்த்தவில்லை. தியான் சந்த் கொடி பிடித்து வர, இந்திய அணி வெளிர்நீலத் தலைப்பாகையும் பொன்னிறக் குல்லாயுமாக வந்தது. பணக்கார வீட்டுக் கல்யாண ஊர்வலம் போல இருந்ததாக அணியில் இருந்த மசூதே பின்னால் எழுதினார். கல்யாண வீட்டார் கையை மட்டும் தூக்கவில்லை.

பிறகு ஸ்பிரிடான் லூயிஸ் வந்தார். 1896-இல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற தண்ணீர்க்காரர். இப்போது அறுபதைத் தாண்டிய கிழவர். கிரேக்கக் குட்டைப் பாவாடை உடையில் போய், ஒலிம்பியாவிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் கிளையை ஹிட்லரிடம் நீட்டினார். ஆலிவ் கிளை என்றால் சமாதானம். ஹிட்லர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்வதில் அவர் எப்போதும் குறை வைத்ததில்லை.

ஆனால் என் மனத்துக்கு மிகவும் பிடித்த கட்டம் வேறு. சமாதானத்தின் அடையாளமாக ஆயிரக்கணக்கான புறாக்களைப் பறக்கவிட்டார்கள். அழகாக வட்டமிட்டன. யாரோ ஒரு புண்ணியவான் அந்த நேரம் பார்த்து மரியாதைப் பீரங்கியை முழக்க வைத்திருந்தார். பயந்துபோன புறாக்கள் என்ன செய்யுமோ அதைச் செய்தன. கீழே விறைப்பாக நின்ற வீரர்களின் தொப்பியில் பொட்டுப் பொட்டென்று விழுந்த சத்தம் கேட்டதாக 5,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் லூயி ஸாம்பெரினி கிழவரான பிறகும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விழாவில் கெப்பல்ஸின் உத்தரவுக்குக் கட்டுப்படாத விமரிசனம் அது ஒன்றுதான்.

கொடி விவகாரம் இன்னும் வேடிக்கை. லீக்டென்ஸ்டைன்காரர்கள் மேலே நீலம் கீழே சிவப்பு என்று தங்கள் கொடியோடு வந்தார்கள். பார்த்தால் ஹெய்ட்டியிடமும் அதே நீலம், அதே சிவப்பு. பட்டுப் புடவை உடுத்திக் கல்யாணத்துக்குப் போனால் எதிரே அதே புடவையில் இன்னொருத்தி நிற்பதைப் போல. கடல் தாண்டிய இரு நாடுகள் இத்தனை காலம் இதைக் கவனிக்கவே இல்லை. மறுவருஷம், 1937-இல், லீக்டென்ஸ்டைன் தன் கொடியில் ஒரு தங்கக் கிரீடத்தை வரைந்துகொண்டது. பெர்லின் ஒலிம்பிக்கின் உருப்படியான ராஜதந்திர விளைவு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கறுப்பின அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும்; தெரிந்ததில் பாதி தப்பு. ஹிட்லர் அவருக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார் என்பார்கள். நடந்தது வேறு. முதல் நாளே ஹிட்லர் ஜெர்மானியருக்கும் ஃபின்லாந்துக்காரருக்கும் கைகுலுக்கி வாழ்த்திவிட்டு, உயரம் தாண்டலில் கார்னீலியஸ் ஜான்சன் என்ற கறுப்பின அமெரிக்கர் தங்கம் வாங்கும் நேரத்தில் எழுந்து போய்விட்டார். ஒலிம்பிக் தலைவர் பயே-லதூர், "கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்" என்ற பொருளில் சொல்லி அனுப்ப, ஹிட்லர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஓவன்ஸ் ஜெயித்ததெல்லாம் அதற்கு அடுத்த நாட்களில். நாலு தங்கத்தோடு ஊர் திரும்பியவருக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து ஒரு தந்திகூட வரவில்லை. கை கொடுக்காதவரை உலகம் மறக்கவில்லை. தந்தி அடிக்காதவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. விருந்தாளிகள் கண்ணில் படாமல் யூத விரோத அறிவிப்புப் பலகைகளைக் கழற்றி வைத்தார்கள். பெர்லினின் ரோமா மக்களைப் பிடித்து ஜூலையிலேயே மார்ட்ஸான் முகாமில் அடைத்தார்கள். கிரெட்டல் பெர்க்மன் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்த பெண். யூதர். அமெரிக்க அணி பின்வாங்க முடியாதபடி கப்பலேறும்வரை காத்திருந்து, "உன் ஆட்டம் போதாது" என்று அவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஆகஸ்ட் 9-இல் பெண்கள் உயரம் தாண்டலில் மூன்று பேர் அதே 1.60-இல் சமமாக நின்றார்கள். தீர்வுத் தாண்டலில் ஜெயித்தவர் ஹங்கேரியின் இபோல்யா சாக். அவரும் யூதர்.

இந்தக் கை நோய் கால்பந்தையும் விட்டுவைக்கவில்லை. 1934 உலகக் கோப்பையை இத்தாலியில் நடத்திய முசோலினி, கொடுக்கிற கோப்பை சிறியதாக இருக்கிறதே என்று தன் பெயரில் இன்னொன்று செய்ய வைத்தார். அசல் கோப்பையைவிடப் பல மடங்கு பெரியது. இத்தாலி ஜெயித்ததால் இரண்டும் வீட்டிலேயே தங்கின. 1938-இல் பிரான்ஸில் மார்சேய் நகரில் இத்தாலிய அணி பாசிச வணக்கம் வைத்தது. முசோலினிக்குப் பயந்து ஓடிவந்த இத்தாலியர்கள் நிறைந்த கூட்டம் கூச்சல் போட்டது. பயிற்சியாளர் பொஸ்ஸோ கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார். வீரர்கள் கையை இறக்கினார்கள். "மறுபடியும் தூக்குங்கள்" என்றார். மறுபடியும் தூக்கினார்கள், கூச்சலும் மறுபடி கிளம்பியது. அதே ஆண்டு மே 14-இல், பெர்லினில், 1936-இல் கழுத்தை மட்டும் திருப்பிய இங்கிலாந்தின் கால்பந்து அணியே கையைத் தூக்கியது. தூதர் சொன்னார், சங்கம் தலையாட்டியது, வீரர்கள் தூக்கினார்கள். பிறகு 6-3 என்று ஜெர்மனியை உதைத்தார்கள். ஸ்கோரை மறந்துவிட்டது உலகம். புகைப்படம் மட்டும் நிற்கிறது.

எல்லாக் கொடியும் கம்பத்தில் ஏறிப் பேசுவதில்லை. 1936-இல் இந்திய ஹாக்கி அணி பெர்லினில் இறங்கியதும் பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றிருந்தது. இறுதி ஆட்டத்திலும் அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம். எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், உதவி மேலாளர் பங்கஜ் குப்தா உடை மாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு மரியாதை செலுத்திவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். வெளியே அவர்கள் பிரிட்டிஷ் இந்தியா. உள்ளே நாலு சுவருக்குள் வேறு நாடு. 8-1. போட்டி முழுக்க இந்தியா வாங்கிய கோல் அந்த ஒன்றுதான். தேதி ஆகஸ்ட் 15. ஆண்டு மட்டும் பதினொன்று முன்னாடி.

நாலு சுவர்கூட இல்லாதவர் சோன் கீ-சுங். கொரியர். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில். ஆகவே மார்பில் ஜப்பான் கொடி, பட்டியலில் கிட்டெய் சோன் என்று ஜப்பானியப் பெயர். ஆகஸ்ட் 9-இல் மாரத்தானை 2 மணி 29 நிமிடம் 19 விநாடியில் ஜெயித்தார். தங்கம் வாங்கியவர்களுக்கு ஜெர்மன்காரர்கள் தொட்டியில் ஓக் மரக்கன்று ஒன்றும் கொடுத்தார்கள். ஜெர்மன் பெருமையின் அடையாளமாம். மேடையில் ஜப்பான் கீதம் ஒலிக்க, சோன் தலையைக் குனிந்து, அந்தக் கன்றை மார்போடு அணைத்துக் கொடியை மறைத்துக்கொண்டார். வெண்கலம் வாங்கி அருகில் நின்ற இன்னொரு கொரியர் நாம் சுங்-யோங், அவருடைய தங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, மறைத்துக்கொள்ளக் கையில் ஒரு செடி கிடைத்ததே என்றுதான் பொறாமைப்பட்டதாகப் பின்னால் சொன்னார். சியோலில் 'தோங்-ஆ இல்போ' பத்திரிகை அந்தப் படத்தில் மார்புக் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. பத்திரிகையாளர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகை ஒன்பது மாதம் வெளிவரவில்லை.

1988-இல் சியோலில் ஒலிம்பிக் நடந்தபோது, கார்ல் டீம் கண்டுபிடித்த அதே ஜோதியை அரங்கத்துக்குள் கொண்டுவந்தவர் 76 வயது சோன். துள்ளித் துள்ளி ஓடினார். அந்த ஓக் கன்று சியோலில் இன்று பெரிய மரமாக நிற்கிறது. ஒலிம்பிக் பதிவேட்டில் மட்டும் அந்தத் தங்கம் இன்னும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது.