நொடிக்கு 100 முறை செத்துப் பிழைக்கும் கரண்ட்

கே: கானாடுகாத்தான் வீட்டு வளவில் தொங்கும் சரவிளக்குக்கு மைக்ரோகன்ட்ரோலரில் டிம்மர் செய்தேன். குண்டு பல்புகள்தான். விளக்கு தானாக ஏறி இறங்குகிறது. அப்பத்தா ‘காத்துக் கருப்பு’ என்கிறார்.

ப: அப்பத்தாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், பிடித்திருப்பது டைமர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் நொடிக்கு 100 முறை ஜீரோவைக் கடக்கும். அங்கே டிம்மரில் சுவிட்சாக இருக்கும் டிரையாக் அணைந்துவிடும். திரும்ப எரியவிட நீங்கள்தான் கேட்டில் தட்ட வேண்டும். ஜீரோவிலிருந்து 5 மில்லிசெகண்ட் பொறுத்துத் தட்டினால் பாதிப் பவர். நீங்கள் ஜீரோவையே பார்க்காமல், 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறீர்கள். கிரிட்டுக்கு அனுமதித்த அளவே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. 49.90-ல் ஓடினால் ஒவ்வொரு தட்டும் 20 மைக்ரோசெகண்ட் பிசகும். 5 நொடியில் ஓர் அரைச்சுற்று முழுதும் நழுவிவிடும். ஒவ்வொரு ஜீரோவிலும் இன்டரப்ட் வாங்கி, டைமரை அங்கிருந்து புதிதாக ஓட்டுங்கள்.

கே: அந்த ஜீரோவைக் காட்டிக்கொடுப்பது யார்?

ப: எச்11ஏஏ1 என்ற ஆப்டோகப்ளர். உள்ளே இரண்டு எல்இடிகள் எதிரெதிராக இருக்கும். கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்று எரியும். ஜீரோ நெருங்கும்போது மட்டும் இரண்டும் அணையும். அதுதான் உங்கள் பல்ஸ். அது ஜீரோவுக்குச் சற்று முன்பே தொடங்கிப் பின்பு முடியும். ஆகவே பல்ஸ் அகலத்தில் பாதியைத் தாமதத்தோடு கூட்டுங்கள். ரெசிஸ்டரில் சிக்கனம் ஆகாது: 230 வோல்ட்டின் உச்சம் 325, சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்தான் தாங்கும். 33 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போடுங்கள்.

கே: டிரையாக்கைத் தட்ட எம்ஓசி3041 போட்டேன். டிம் ஆகவே இல்லை.

ப: அது ஜீரோவில் மட்டுமே தட்டும். எம்ஓசி3021 வாங்குங்கள்.

கே: கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தால் விளக்கு தாறுமாறாகிறது.

ப: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதில் வோல்டேஜ் ஜீரோவில் தங்காமல் தாவுவதால் பல்ஸே கிடைக்காமல் போகலாம். பல்ஸ் வராவிட்டால் தட்டாதே என்று புரோகிராமில் எழுதுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

கே: பல்ஸைக் கண்ணால் பார்க்க ஆசை. ஆசிலோஸ்கோப்புக்கு எங்கே போவேன்?

ப: காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி 1952 முதல் இருக்கிறது. அங்கே படிப்பவரைத் துணைக்கு அழையுங்கள். புரோபின் கிரவுண்ட் கிளிப்பை மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் மட்டும் மாட்டுங்கள். 230 வோல்ட் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.