தானியம் நீக்கிய பழ ஸ்கோன்: ஒரு மூலபாட ஆய்வு

ஸ்கோன் என்பது பிரிட்டனில் மாலைத் தேநீரோடு தின்னப்படுவது. பிஸ்கட்டும் அன்று, கேக்கும் அன்று. இரண்டும் என்பார் கூற்றுப் பொருந்தாது என்க. தொன்மைக்குச் சான்று உண்டு. விர்ஜிலின் ‘ஈனீட்’ காவியத்தை 1513இல் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்த கவின் டக்ளஸ், இத்தாலியில் கரையேறிய ட்ராய் வீரர்களுக்கு ஸ்கோன் பரிமாறியிருக்கிறார். விர்ஜிலுக்கு இது தெரியாது. மூலவருக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதுதானே உரைகாரர் தொழில்?

வகைகளாவன: கோதுமை ஸ்கோன், சீஸ் ஸ்கோன், நம் ஆய்வுக்குரிய பாதாம் ஸ்கோன். முன்னவை இரண்டையும் தின்றாயிற்று.

‘தானியம் நீக்கிய பழ ஸ்கோன்’ என்ற தலைப்பிலேயே வழக்கு தொடங்குகிறது. தாவரவியல்படி கோதுமை மணி வெறும் விதையன்று; கனித்தோல் விதையோடு ஒட்டிப்போன முழுக் கனி. நெல்லும் மக்காச்சோளமும் அப்படியே. ஆக, எதுவும் சேர்க்காத வெற்றுக் கோதுமை ஸ்கோனே பழ ஸ்கோன். (மைதாவில் தோலும் முளையும் போய்விடுகின்றன, எஞ்சியது கனியாகுமா என்பதற்கு இன்னொருவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொள்ளட்டும்.) நாம் அந்தக் கனியை விலக்கிவிட்டுப் பாதாமைக் கொணர்கிறோம். பாதாமோ கொட்டை என்று பெயரெடுத்த விதை. பீச், பிளம், ஆப்ரிகாட், செர்ரி இவற்றோடு புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தில் பிறந்தது. ‘ஐயோ, பழம் இல்லையே’ என்று உலர்ந்த ஆப்ரிகாட்டையும் செர்ரியையும் நறுக்கிப் போடுகிறோம். பழத்தை நீக்கி, விதையை அரைத்து, அதன் பங்காளிகளின் சதையை அதனோடு ஒட்டவைக்கிறோம்! இது மரபுமீட்பு என்பர் ஒருசாரார் (காண்க: பாதாம் டப்பா, மூடியின் உட்புறம், பென்சில் குறிப்பு). வெறும் குடும்பச் சேர்க்கை என்பர் மறுசாரார் (காண்க: மேற்படி மூடி, வெளிப்புறம், எண்ணெய்க் கைரேகைக்குக் கீழே, வேறு கையெழுத்து, மாமியாருடையது எனக் கருதப்படுவது). உலர்திராட்சை இக்குலத்தது அன்று. ஆகவே அது இடைச்செருகல். பிடிக்காத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளும் அறிஞர்கள் கவனிக்க: இங்கே அது மெய்யாகவே இடையில்தான் செருகப்பட்டிருக்கிறது.

பேக்கிங் பவுடரையும் நம்பலாகாது. பெரும்பாலானவற்றில் ஈரத்தை உறிஞ்ச மக்காச்சோள மாவு ஒளிந்திருக்கும். பேக்கிங் சோடாவும் எலுமிச்சைச் சாறுமே தூயநெறி.

மூலபாடம் வருமாறு: தோல் நீக்கி அரைத்த பாதாம் மாவு 250 கிராம், சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று, தேன் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, பழம் ஒரு கைப்பிடி. கலந்து, வட்டமாகத் தட்டி, எட்டாக வெட்டி, 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைக்க. எத்தனை நிமிடம் என்பதில் பாடபேதம். ஏட்டில் அந்த இடத்தில் தேன் சொட்டியிருக்கிறது; 15 என்பார் அக்காள், 18 என்பார் தங்கை (காண்க: ஃபிரிட்ஜ் கதவு, வாத்து வடிவக் காந்தத்தின் கீழ் மூன்றாம் அடுக்கு, பால் கணக்குச் சீட்டின் பின்புறம், ‘அவளுக்கு என்ன தெரியும்’ எனத் தொடங்கும் பத்தி; அதற்கு மறுப்பு அதே சீட்டின் ஓரத்தில், தலைகீழாக). ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் கண்ணால் பார்ப்பது ஆய்வுமுறை ஆகாது என்பதால் இக்கருத்து தள்ளப்படுகிறது.

கோதுமை மாவை அழுத்திப் பிசைந்தால் குளூட்டன் இறுகி ஸ்கோன் ரப்பராகும். ஆகையால் மென்கை வேண்டும் என்று உரைகள் குவிந்தன. பாதாமில் குளூட்டன் கிடையாது. அத்தனை உரைகளுக்கும் வேலை போயிற்று. மேற்கோள்கள் மட்டும் இன்னும் ஓய்வூதியம் வாங்குகின்றன.

கடைசியாக, பூசும் வரிசை. இங்கிலாந்தின் டெவனில் கிரீம் முதலில், ஜாம் மேலே. கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். 2018இல் கார்ன்வாலின் லான்ஹைட்ரக் மாளிகையின் விளம்பரப் படத்தில் ஜாம் மேலே ஏறிவிட, ஊரே வைதது. பாதாம் ஸ்கோனைச் சூடாகப் பிளந்தால் பொலபொலவென உதிர்ந்துவிடும்; அந்தக் குவியலில் எது மேல், எது கீழ்? ஆறவிட்டால் ஒழுங்காகப் பிளக்க வரும். இதைச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. ஆய்வு நெறியாளர் ஆறுவதற்குள் வந்து மூன்று துண்டுகளை எடுத்துக்கொண்டார். கட்டுரையில் தம் பெயர் முதலில் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.