அடியில பாரு பேராண்டி

புது ஃபிளாட்டுக்கு சோபா வாங்கிட்டேன்னு வீடியோவுல காட்டுனியே பேராண்டி, அதை நேர்ல பார்க்கத்தான் ஓசூர்ல பஸ் ஏறி பெங்களூருக்கு வந்தேன். நல்லாத்தான் இருக்கு. என்ன மரம்டான்னு கேட்டேன். "டார்க் வால்நட் தாத்தா"ன்னே. நான் கேட்டது மரத்தோட பேரு, நீ சொன்னது பாலிஷோட பேரு. மாடு வாங்கப் போனவன் கொம்புல அடிச்ச பெயிண்டைப் பார்த்துட்டு வந்த கதைதான். பில்லை எடுத்துப் பார்த்தப்புறம்தான் தேக்குன்னு உனக்கே தெரிஞ்சுது.

நீ ஆபீஸ் போனதும் அதைக் கவுத்துப் பார்த்தேன், கோவிச்சுக்காதே. எந்தச் சாமானுக்கும் ஜாதகம் அடியிலதான் இருக்கும். பாலிஷ்காரன் அந்த அளவுக்குக் குனியமாட்டான். பின்னங்கால் ஒண்ணுல பாதி பழுப்பு, பாதி வெளுப்பு. பழுப்பு வைரம், வெளுப்பு வெறும் சதை. கடைக்காரன் பொய் சொல்லலை, ரெண்டும் தேக்குதான். ஆனா கரையான் பில்லைப் படிக்காது. வைரத்தை ஒதுக்கி வெச்சிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிட்டுப் போயிடும். கட்டையில வெள்ளை எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துத்தான் எங்க காலத்துல விலையே பேசுவோம். நீ ஈஎம்ஐ எவ்வளவுன்னு பேசியிருக்கே.

சரி, தேக்கு வேணுமா வேணாமா? மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற வாசக்கதவுக்கு வேணும். அதுல இருக்கிற எண்ணெய்ப்பசைதான் அதுக்குக் காவல். ஏசி ரூம்ல டிவிக்கு அடியில நிக்கிற பெட்டிக்கு எதுக்குடா தேக்கு? டிவியில மழை பெஞ்சா அது நனைஞ்சிடுமா?

நனையுற இடத்துல என்ன வெச்சிருக்கேன்னு பார்த்தேன், சிங்க்குக்கு அடியில. பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லும் பசையும் சேர்த்து அமுக்குன பலகை. கீழ்விளிம்பு ஊறவெச்ச பொரி மாதிரி உப்பிக் கிடக்கு. கட்டைவிரல்ல அழுத்துனேன், உள்ள போயிடுச்சு. ஹால்ல நின்னு போட்டோ எடுக்கத் தேக்கு, தண்ணி சொட்டுற இடத்துக்குப் பொரி!

அடுத்த தடவை பிளைவுட் வாங்கப் போனா, எம்.ஆர்.னு போட்டிருக்கிறதைக் காட்டி "வாட்டர்ப்ரூஃப் சார்"னு ஒருத்தன் சொல்லுவான். தலையாட்டாதே. அது காத்துல இருக்கிற ஈரத்தைத் தாங்கும், குழாய் ஒழுகுனா தாங்காது. அதுக்கு ஐ.எஸ். 303னு ஒரு நம்பர். தண்ணி புழங்குற இடத்துக்கு ஐ.எஸ். 710 கேளு. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு, பசை விடுதான்னு சோதிப்பாங்க. நம்ம வீட்டு ஆட்டுக்காலுக்கே அவ்வளவு நேரம் அடுப்பு எரிஞ்சதில்லை.

ரப்பர் மரம்னா மூக்கைச் சுளிக்கிறே. பால் வத்துன மரத்தை வெட்டி, பூச்சி அரிக்காம இருக்க போரான் மருந்து ஏத்தி, துண்டு துண்டா விரல் கோத்த மாதிரி சேர்த்துப் பலகை பண்றான். ஈரம் படாத இடத்துல உன் பையன் படிக்கிற மேசைக்கு அது தாராளம். மருந்து ஏத்தாததை வாங்கினா, ஊசித்துளையில மாவு கொட்டும். அதைக் கூட்டிப் பெருக்க நீ தனியா ஆள் வைக்கணும்.

மைசூர் போற வழியில சென்னபட்டணத்துல இறங்கிப் பாரு. பொம்மைக்காரன் கடைசல்ல வெக்கிற மரம் நம்ம ஊர் வெட்பாலை. இலையைப் பறிச்சுத் தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதேதான். அந்த ஊர்ல ஆலெ மரம்பாங்க. வெள்ளையா, வழவழன்னு, கடையக் கடைய வெண்ணெயா வரும். அரக்குச் சாயம் அதுல நல்லாப் புடிக்கும். அவன் தேக்கைத் தேடிப் போகலை. பொம்மைக்கு எது வேணும்னு மட்டும் யோசிச்சான். நீ பி.ஈ.!

எந்த மரமா இருந்தாலும் காஞ்சதான்னு கேளு. ரெண்டு முள்ளு குத்திப் பார்க்கிற மீட்டர் இருக்கு. நூத்துக்குப் பன்னெண்டு பக்கம் ஈரம் காட்டுனா எடுக்கலாம். பச்சையா இருந்தா பங்குனியில சுருங்கி இடுக்கு விடும், ஐப்பசியில உப்பி இழுப்பறை திறக்காது. அப்புறம் நீ அதுக்குள்ள வெச்ச பாஸ்போர்ட்டுக்குப் புதுசா விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

விக்கிறவன் சொல்ற பேர்ல சந்தேகமா? மல்லேஸ்வரத்துல, 18வது கிராஸ்ல, மத்திய அரசோட மர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 1938ல மைசூர் ராஜா காலத்துல ஆய்வுக்கூடமா ஆரம்பிச்சது. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டுனா, நுண்ணோக்கியில பார்த்து இது இன்ன மரம்னு சொல்லிடுவாங்க. பக்கத்துலயே இருக்கிறதால உனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பரண்ல எங்கப்பன் பண்ணி வெச்ச பலாமரக் கட்டில் கிடக்கு. பண்ணப்போ மஞ்சக்கிழங்காட்டம் இருந்துச்சு. இப்போ பாலிஷே போடாம உன்னோட அந்த வால்நட் நிறத்துக்கு வந்து நிக்குது. நாலு காலும் ஆடலை. வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ. டெம்போ வாடகை மட்டும் உன்னோடது.