மீட்டரைச் சந்தேகிக்கும் கலை

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் எகிறினால் முதலில் சந்தேகிக்கப்படுவது மீட்டர். அடுத்து, பகலெல்லாம் டிவி பார்க்கும் மாமியார். இரு தரப்பும் பெரும்பாலும் நிரபராதிகள்.

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு அந்த 1 யூனிட்டைத் தின்ன 111 மணி நேரம் வேண்டும். ஆனாலும் குடும்பத் தலைவர் பாய்ந்து அணைப்பது பல்பைத்தான். 2000 வாட் கீசர் குளியலறையில் நிம்மதியாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

துப்பறிவது எளிது. எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனிக்க வேண்டும். 3200 என்று அச்சிட்ட மீட்டரில் அது 3200 முறை சிமிட்டினால் 1 யூனிட். அணைத்த பிறகும் சிமிட்டினால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். மாடிப் போர்ஷனின் மோட்டார் இந்த மீட்டரில் தொற்றிக்கொண்டும் இருக்கலாம். நின்றுவிட்டால், சாதனங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்ஜ் கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு வந்தால், ரப்பர் போய்விட்டது.

சில வீடுகளில் குற்றவாளியே இருப்பதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய மலிவு விலை, மொத்தம் 500-ஐத் தாண்டியதும் மறைந்துவிடும். 501-ஆவதாக வரும் அந்த ஒற்றை யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கும் மேல். 500-ஐத் தாண்ட ஏசி வேண்டியதில்லை. கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலே போதும்.